ஊசி போடாதவர் லீவில், வேலை யார் தலையில்?

கேள்வி: புதுச்சேரி வில்லியனூர் கொம்யூனில் ஒரு பேக்கிங் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். 2022 ஜனவரியில், கொரோனா மூன்றாவது அலையின்போது, எங்கள் லைனில் தடுப்பூசி போட்டுக்கொள்ளாத இரண்டு பெண்கள் திரும்பத் திரும்ப வீட்டில் தனிமையில் இருந்தார்கள். வீட்டில் யாராவது இருமினால் ஒரு வாரம் வரமாட்டார்கள். அவர்கள் வேலையையும் நாங்களே இழுத்துப்போட்டுச் செய்தோம். அந்தக் கோபம் அடங்கிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். இந்த மழைக்காலத்தில் ஊரில் காய்ச்சல் பரவியதும் அந்த இருவரில் ஒருவர் ஐந்து நாள் வரவில்லை. பழைய பேச்சு மறுபடி கிளம்பிவிட்டது. "ஊசிக்குப் பயந்தவளுக்கு லீவு, போட்டுக்கிட்டவளுக்கு டபுள் ஷிப்டா?" என்கிறார்கள். கேன்டீனில் அந்தப் பெண் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. தடுப்பூசி போடாதவர்களுக்குக் காய்ச்சல் லீவில் சம்பளம் கிடையாது என்று நோட்டீஸ் ஒட்டிவிடலாமா என்று மேனேஜர் கேட்கிறார். நான் யார் பக்கம் நிற்பது?

பதில்: முதல் வேலையாக, அந்த நோட்டீஸை ஒட்ட வேண்டாம் என்று மேனேஜரிடம் சொல்லிவிடுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

உங்கள் ஆட்களின் கோபம் நியாயம்தான். ஆள்தான் மாறிவிட்டது. இரண்டு பேர் வராத லைனில் மற்றவர்கள் இடுப்பொடிய நின்றார்கள் என்றால், நிற்க வைத்தது யார்? அந்த இரண்டு பெண்களா, மாற்று ஆள் போடாத நிர்வாகமா? இந்தக் கேள்வியை அன்றைக்கே யாராவது கேட்டிருந்தால், இத்தனை வருடம் கழித்துக் கேன்டீனில் ஒரு நாற்காலி காலியாக இருந்திருக்காது.

எனவே ஊசிப் பேச்சை ஒரு பக்கம் வைத்துவிட்டு மஸ்டர் ரோலை எடுங்கள். 2022 ஜனவரி, பிப்ரவரி மாதங்களுக்கு ஒரு தாளில் மூன்று விவரம் எழுதுங்கள்: யார் எத்தனை நாள் வரவில்லை, அந்த நாளில் அவர் வேலையை யார் செய்தார், செய்தவருக்கு ஓ.டி. பணம் போனதா. ஊசி போட்டாரா இல்லையா என்பதற்கு அந்தத் தாளில் இடம் வேண்டாம். எழுதி முடித்ததும் இரண்டு விஷயம் தெரியும் என்பது என் ஊகம். ஒன்று, ஊசி போட்டவர்களும் அந்த மாதம் விழுந்து கிடந்திருப்பார்கள். அந்த அலையின் ஒமைக்ரான் அப்படித்தான் பரவியது. ஊசி உயிருக்கு ஆபத்து வராமல் பெருமளவு காப்பாற்றியது, தொற்றை முழுசாகத் தடுக்கவில்லை. இரண்டு, ஓ.டி. கணக்கில் ஓட்டை இருக்கும்.

அந்த ஓட்டைதான் விவகாரம். அப்போது நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 59ஆம் பிரிவுப்படி, நாளுக்கு 9 மணி நேரத்தையோ வாரத்துக்கு 48 மணி நேரத்தையோ தாண்டிய ஒவ்வொரு மணிக்கும் இரட்டிப்புச் சம்பளம் தர வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் மிகைநேரத்துக்கு இரட்டிப்புதான். இரட்டிப்புச் சம்பளம் கைக்கு வந்திருந்தால், டபுள் ஷிப்ட் பார்த்தவர் பக்கத்து மெஷின்காரியை இவ்வளவு நாள் மனத்தில் வைத்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். பழைய பாக்கியைச் சட்டப்படி கேட்டு வாங்கும் காலக்கெடு அநேகமாக முடிந்திருக்கும். ஆனாலும் மேனேஜரிடம் கேளுங்கள். பொங்கலுக்கு ஒரு ஈட்டு விடுப்பாவது தரச் சொல்லுங்கள். "அன்னிக்கு நீங்க நின்னது எங்களுக்குத் தெரியும்" என்று நிர்வாகம் வாய் திறந்து சொன்னாலே பாதி சூடு தணியும்.

அடுத்து, லீவு போட்டவர் சுகமாக இருந்தார் என்ற நினைப்பு. 2022 ஜனவரியில் மத்திய சுகாதாரத் துறை விதியைத் திருத்தியது. தொற்று உறுதியானவர் குறைந்தது ஏழு நாள் வீட்டில் தனித்திருக்க வேண்டும், கடைசி மூன்று நாள் காய்ச்சலே இருக்கக் கூடாது. நம் ஊர் வீட்டில் மாமியார், கொழுந்தன், பிள்ளைகள் என்று ஆறேழு பேர் ஒரே கூரையின் கீழ். ஒருவர் தேறி எழும்போது அடுத்தவர் படுப்பார். லைனில் நின்று பார்ப்பவருக்கு இது "திரும்பத் திரும்ப லீவு". அந்த வீட்டுக்குள் இருந்தவருக்கு ஒரே நீளமான நோய்க்காலம்.

பணம் வந்ததா என்றும் பாருங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யில் இருப்பார். நோயில் விழுந்தால் சராசரி நாள் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஆனால் முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. 15 நாளுக்குள் மறுபடி விழுந்தால் மட்டும் அந்த இரண்டு நாள் கழிவு இல்லை. இதெல்லாம் தனக்கே உடம்பு முடியாமல் இ.எஸ்.ஐ. மருத்துவரிடம் சான்று வாங்கியவருக்கு. தான் நலமாக இருந்து, வீட்டில் மாமனாருக்குக் காய்ச்சல் என்பதால் ஒதுங்கி உட்கார்ந்தவருக்கு எந்தச் சான்று? சொந்த லீவு கரைந்திருக்கும், அல்லது சம்பளம் போயிருக்கும். மத்திய அரசு ஊழியருக்கு அப்போது இந்த நிலை இல்லை. தொற்றாளரோடு நேரடித் தொடர்பில் இருந்து வீட்டில் ஒதுங்கினால் ஏழு நாள் பணியில் இருந்ததாகவே கணக்கு என்று 2021 ஜூனில் மத்தியப் பணியாளர் துறை ஆணை போட்டது. பேக்கிங் லைனில் நிற்பவருக்கு அப்படி ஆணை போட யாரும் இல்லை.

நீங்கள் கேட்காத ஒரு கேள்வியையும் நானே கேட்கிறேன். அந்த ஜனவரியில் காய்ச்சலை மறைத்து, காலையில் ஒரு டோலோவை விழுங்கிவிட்டு வேலைக்கு வந்தவர் எத்தனை பேர்? அவர்களில் பலர் இரண்டு ஊசியும் போட்டவர்களாக இருக்கலாம். மூடிய கம்பெனி வேனில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். அவர்களை "பொறுப்பான ஆளு" என்று பாராட்டினோம், வீட்டில் இருந்தவரைத் திட்டினோம். என்னைக் கேட்டால், நோயைப் பொறுத்தவரை அந்த இரண்டு பெண்களும் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள். ஊசி விஷயத்தில் அவர்கள் எடுத்த முடிவு தவறு என்பதே என் கருத்து. அது வேறு கணக்கு.

அந்தத் தவறையும் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்டார், மற்றவர்களையும் போடச் சொன்னார். 17ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள், அரசின் ஆய்வுக் குழுவும் பிறகு அதையே சொன்னது. ஆனால் கிராமத்தில் செய்தி போன வேகத்துக்கு மறுப்பு போகவில்லை. ஊசி போட்டால் இரண்டு நாள் காய்ச்சல், இரண்டு நாள் கூலி போச்சு என்ற கணக்கும் இருந்தது. போட்டால் சரக்கு தொடக் கூடாதாம் என்று தள்ளிப்போட்ட ஆண்கள் நம் புதுச்சேரியில் எத்தனை பேர் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அரசு அந்தப் பயத்தைக் கட்டாயத்தால் தீர்க்கப் பார்த்தது. 2021 டிசம்பர் தொடக்கத்தில், 1973ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் காட்டி, எல்லோருக்கும் கொரோனா தடுப்பூசி கட்டாயம் என்று புதுச்சேரி சுகாதாரத் துறை ஆணையிட்டது. நாட்டிலேயே முதலில் அப்படி அறிவித்தது நாம்தான். அந்த மாதக் கடைசியில் வீடு வீடாக ஊசியோடு போன சுகாதாரப் பணியாளர்களைப் பார்த்து, உங்கள் வில்லியனூர்ப் பக்கம் கோனேரிக்குப்பத்தில் ஒருவர் மரத்தில் ஏறிக்கொண்டார். வீடியோ நாடெங்கும் சுற்றியது, எல்லோரும் சிரித்தார்கள். நானும் பார்த்தேன். மரத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து கெஞ்சிய அந்தப் பணியாளர்களின் பொறுமையைப் பற்றி யாரும் பேசவில்லை என்பது என் வருத்தம். மனிதரைக் கீழே இறக்க அவர்களிடம் இருந்தது பேச்சு மட்டும்தான்.

இனி மேனேஜரின் நோட்டீஸ். 2022 மே 2 அன்று, தடுப்பூசிக் கட்டாயத்தை எதிர்த்த ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எல்.நாகேஸ்வர ராவும் பி.ஆர்.கவாயும் தீர்ப்புச் சொன்னார்கள். யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது, தன் உடல் மீதான உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கியது என்றார்கள். பொதுச் சுகாதாரத்துக்காக அரசு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்பதையும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் போடாதவரிடமிருந்து, போட்டவரைவிட அதிகமாகத் தொற்று பரவுகிறது என்று காட்டும் தரவு தங்கள் முன் வைக்கப்படவில்லை, எனவே தொற்று குறைவாக உள்ள அந்த நிலையில் போடாதவர் மீதான தடைகள் பொருத்தமான அளவில் இல்லை என்றார்கள். அவற்றை மறுபரிசீலனை செய்யச் சொன்னபோது தனியார் நிறுவனங்களையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பு வந்த பிறகு, இந்த மழைக்காலக் காய்ச்சலுக்குப் பழைய கொரோனா ஊசிக் கணக்கைக் காட்டிச் சம்பளத்தைப் பிடிப்பது எந்த வகையில் செல்லும்? இப்போது வந்தது கொரோனாவா, டெங்குவா, சாதாரண ஃப்ளூவா என்றே உங்களுக்குத் தெரியாது. இன்னொன்று: இ.எஸ்.ஐ. நோய்ப் பலன் வாங்கும் காலத்தில் ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதோ தண்டிப்பதோ பழைய இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவு தடுத்த காரியம். உங்கள் மேனேஜர் வலியப் போய் வழக்கில் விழ வேண்டாம்.

ஊசி போடாதவரின் சம்பளத்தைப் பிடிக்கும் யோசனை அவருக்கு மட்டும் வந்ததல்ல. இங்கிலாந்தில் 2021 ஆகஸ்ட் முதல், இரண்டு ஊசி போட்டவர் தொற்றாளரோடு பழகியிருந்தாலும் வீட்டில் அடைந்திருக்க வேண்டியதில்லை, போடாதவர் அடைந்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. உங்கள் லைனில் வந்த அதே மனக்கசப்பு அங்கேயும் வந்தது. ஐக்கியா, மாரிசன்ஸ், நெக்ஸ்ட் போன்ற பெரிய கடை நிறுவனங்கள், தகுந்த காரணமில்லாமல் ஊசி போடாமல் தொடர்புக்காகத் தனித்திருப்பவர்களின் சம்பளத்தைச் சட்டப்படியான குறைந்தபட்ச நோய்ப்படிக்கு வெட்டின. அப்போது அது வாரம் 96.35 பவுண்டு. 2022 பிப்ரவரி 24 அன்று அங்கே தனிமைப்படுத்தல் விதியே நீக்கப்பட்டது. சில மாதத்தில் காலாவதியாகிவிட்ட அந்த விதியை நாம் இப்போது தூசி தட்டி எடுக்க வேண்டுமா?

சட்டத்தை இத்தோடு விடுகிறேன். உங்களுக்குக் கஷ்டமான பகுதி மனிதர்களிடம் பேசுவது. வில்லியனூரிலும் பாகூரிலும் பக்கத்து மெஷினில் நிற்பவர் வெறும் சக ஊழியர் இல்லை. பங்காளி வீட்டுப் பெண்ணாக இருப்பார், நாளைக்குச் சம்பந்தி ஆவார், கோகிலாம்பாள் கோயில் தேருக்கு ஒரே கயிற்றைப் பிடிப்பார். கம்பெனியில் விழுந்த சொல் சாயங்காலமே தெருவுக்குப் போய்விடும். அதனால் ஒரு எச்சரிக்கை: இந்தப் பஞ்சாயத்தை ஊர்ப் பெரியவர்களிடம் கொண்டுபோகாதீர்கள். அவர்கள் ஊசியைப் பற்றிப் பேச மாட்டார்கள். எந்தத் தெரு, யார் வீட்டுப் பெண் என்று பேச்சு வேறு திசைக்குப் போகும். ஷிப்ட் பிரச்சினை ஷிப்டுக்குள்ளேயே தீரட்டும்.

கோபமாக இருப்பவரைத் தனியாகக் கூப்பிட்டு இப்படித் தொடங்கலாம்: "அக்கா, அன்னிக்கு நீங்க நின்ன நாளு எல்லாம் எழுதி வச்சிருக்கேன், பாருங்க. இதுல காசு வராதது எது, வந்தது எதுன்னு நீங்களே சொல்லுங்க. மேனேஜர்கிட்ட நான் பேசுறேன். ஆனா அவ போட்டாளா போடலையான்னு லைன்ல பேச்சு வேணாம், அது அவ ஒடம்பு." முதல் பாதியைச் செய்யாமல் இரண்டாம் பாதியை மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் கட்சி சேர்ந்துவிட்டதாகத்தான் கேட்கும்.

லீவு போட்ட பெண்ணிடம் உபதேசம் வேண்டாம். "இப்ப ஒடம்பு எப்படி இருக்கு? அடுத்த தடவை வர முடியலன்னா, காலைல ஆறு மணிக்குள்ள எனக்கு ஒரு போன் பண்ணிடும்மா. ஆள் மாத்தி நிறுத்த எனக்கு நேரம் வேணும்." கேட்க வேண்டியது இவ்வளவே. அவராக ஊசிப் பேச்சை எடுத்தால், ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் போய்க் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் மருத்துவர் ஆக வேண்டாம். அவர் உண்மையிலேயே லீவைத் தவறாகப் பயன்படுத்துகிறார் என்று சந்தேகமா? மூன்று நாளுக்கு மேல் போனால் மருத்துவச் சான்று என்று எல்லோருக்கும் ஒரே விதி வையுங்கள். சந்தேகத்துக்கு ஆளானவரிடம் மட்டும் கேட்டால் அது பழிவாங்கல்.

கேன்டீன் விஷயத்தில் ஆணை போட்டுப் பயனில்லை. யார் யாரோடு சாப்பிட வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெண் எதிரில் உட்கார உங்களுக்கு யார் அனுமதியும் வேண்டாம். இரண்டாம் நாள் இன்னொருவர் வருவார். வராவிட்டாலும் பரவாயில்லை, பேசிக்கொண்டே சாப்பிடுங்கள்.

அடுத்த காய்ச்சல் சீசனுக்கு முன் நிர்வாகத்திடம் எழுதிக் கேட்க வேண்டியவை: ஒவ்வொரு மெஷினுக்கும் வேலை தெரிந்த இரண்டாவது ஆள், இருவருக்கு மேல் வராத நாளில் டார்கெட்டைக் குறைப்பது அல்லது காண்ட்ராக்ட் ஆள் எடுப்பது, கூடுதல் ஷிப்டை முறை வைத்து மாற்றுவது. கம்பெனிக்குப் பக்கத்தில் வீடு இருக்கிறது, கல்யாணம் ஆகவில்லை என்பதற்காக ஒரே பெண்ணை எப்போதும் நிறுத்துவதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் லைனிலும் அப்படி ஒருவர் இருப்பார், அந்த மூன்று விவரத் தாளில் அவர் பெயர்தான் அதிகம் வந்திருக்கும்.

மேனேஜருக்கு நோட்டீஸ் ஒட்டியே தீர வேண்டும் என்றால் இதைக் கொடுங்கள்: "காய்ச்சல் உள்ளவர்கள் வேலைக்கு வர வேண்டாம். காலை 6 மணிக்குள் சூப்பர்வைசருக்குத் தகவல் சொல்லவும். அவர் இடத்தில் கூடுதல் நேரம் நிற்பவருக்கு இரட்டிப்புச் சம்பளம் அந்த மாதச் சம்பளத்திலேயே வழங்கப்படும்." கடைசி வரியை அவர் அடிக்கப் பார்ப்பார், விடாதீர்கள்.