பேக்கப் இருக்கிறது, திரும்ப எடுத்துப் பார்த்தீர்களா?

நம்பிக்கை: எங்களுடையது சின்ன கம்பெனி, எங்களை யார் தாக்கப் போகிறார்கள்?

தாக்குபவர்கள் ஆள் பார்த்து வருவதில்லை. திறந்து கிடக்கும் கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது என்று இணையம் முழுவதையும் இரவு பகலாகத் துழாவுவதற்கென்றே நிரல்கள் ஓடுகின்றன. முதலாளி வீட்டிலிருந்து டேலி பார்க்க வேண்டும் என்று ரூட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்துவிட்டு, கம்பெனி பெயரோடு 123 சேர்த்துப் பாஸ்வேர்டு வைத்த அலுவலகங்கள் நம் ஊர்களில் உண்டு. அந்த வழியை இன்றே அடைத்துவிடுங்கள். வெளியிலிருந்து பார்த்தே ஆகவேண்டும் என்றால் விபிஎன் வழியாக மட்டும் பாருங்கள்.

அப்டேட்டைத் தள்ளிப்போடுவதும் இதே போன்ற ஆபத்துதான். 2017 மே 12 அன்று, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகெங்கும் பரவியது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது.

நம்பிக்கை: ஆன்டிவைரஸ் போட்டாயிற்று, இனி கவலையில்லை.

ஆன்டிவைரஸ் கட்டாயம் வேண்டும். ஆனால் "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த முறை பணத்தைப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள்" என்று சப்ளையர் பெயரில் வரும் மெயிலில் வைரஸே இருக்காது. முகவரியில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். சில நேரம் அதுகூட மாறியிருக்காது. சப்ளையரின் மெயில் பெட்டிக்குள்ளேயே திருடன் உட்கார்ந்திருப்பான். இதற்கு மென்பொருளை நம்பிப் பயனில்லை. கணக்கு எண் மாறினால், அந்த மெயிலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, ஏற்கெனவே உங்களிடம் உள்ள எண்ணில் கூப்பிட்டுப் பேசிய பிறகே பணம் அனுப்ப வேண்டும். பணம் போய்விட்டது என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

நம்பிக்கை: மாதாமாதம் பாஸ்வேர்டு மாற்றினால் பாதுகாப்பு.

கட்டாயப்படுத்தினால் ஊழியர்கள் கடைசி எண்ணை மட்டும் மாற்றுவார்கள். பாஸ்வேர்டு வெளியே கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் இப்படி மாற்றச் சொல்லத் தேவையில்லை என்று அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-இலேயே சொல்லிவிட்டது. நீளமான பாஸ்வேர்டு, ஒவ்வொரு இடத்துக்கும் வேறு வேறு, மெயிலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு: இவை போதும்.

நம்பிக்கை: தினமும் பேக்கப் எடுக்கிறோம்.

நான் அதிகம் அஞ்சுவது இந்த நம்பிக்கையைத்தான். சர்வருக்குப் பின்னால் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் செருகியபடியே, நீல விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். ரான்சம்வேர் வந்தால், எழுத முடிகிற எல்லா டிரைவையும் பூட்டும்; அந்த டிஸ்க்கும் அதில் ஒன்று. கிளவுட் ஃபோல்டர் தானாக சிங்க் ஆகிறது என்றால், கெட்டுப்போன கோப்புகளும் தானாகவே மேலே ஏறும். பழைய பதிப்புகள் எத்தனை நாள் கிடைக்கும் என்று இப்போதே பார்த்து வையுங்கள். ஒரே தரவை இரண்டு டிஸ்க்கில் எழுதும் ரெய்டு போட்டிருக்கிறோம் என்பவர்களுக்கும் ஒன்று: ஒரு டிஸ்க் பழுதானால் ரெய்டு காப்பாற்றும், ஒரு கோப்பு அழிந்தால் இரண்டு டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும்.

2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற தீநிரல் தாக்கியபோது, நகல்களும் சேர்ந்தே அழிவதைக் கப்பல் நிறுவனமான மேர்ஸ்க் பெரிய அளவில் அனுபவித்தது. நாட்பெட்யா நுழைந்த வழி, உக்ரைனில் வரிக்கணக்குக்குப் பயன்பட்ட எம்.ஈ.டாக் மென்பொருளின் அப்டேட். யார் எதில் நுழையலாம் என்ற விவரத்தை வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் ஒன்றுக்கொன்று நகலாக இருந்தன. ஆனால் எல்லாம் நெட்வொர்க்கில் இணைந்திருந்ததால் ஒருசேர அழிந்தன. கானாவில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது, அங்கே மின்சாரம் போய் நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்ததால். அதை வைத்துத்தான் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் பத்து நாளில் மீண்டும் நிறுவினார்கள்.

துண்டித்து வைத்த நகல்தான் நகல். இரண்டு டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றி எடுங்கள். ஒன்று எப்போதும் கழற்றி, அலுவலகத்துக்கு வெளியே இருக்கட்டும். அதோடு நிறுத்தாதீர்கள். இந்தச் சனிக்கிழமை மாலை, சர்வரைத் தொடாமல், வேறொரு கம்ப்யூட்டரில் அந்த நகலைத் திரும்ப ஏற்றுங்கள். டேலியில் ட்ரையல் பேலன்ஸைத் திறந்து, சர்வரில் உள்ளதோடு அதே தேதிக்கு ஒப்பிடுங்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதி வையுங்கள். தாக்குதல் வந்தால், உங்கள் அலுவலகம் குறைந்தபட்சம் அத்தனை மணி நேரம் மூடிக் கிடக்கும்.