ஹெட்டைக் கழற்றும் முன்: ஓர் இளம் மெக்கானிக்குக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

சிங்கிள் கேம் ஹெட்டைக் கழற்றிவிட்டு ட்வின் கேம் ஹெட்டைப் பூட்டினால் வண்டி பறக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறாய். பறக்கலாம். ஆனால் பறக்க வைப்பது அந்த இரண்டாவது கேம்ஷாஃப்ட் மட்டுமல்ல.

1973-இல் பிரிட்டனில் வந்த டிரையம்ஃப் டாலமைட் ஸ்பிரின்ட்டைப் பார். நான்கு சிலிண்டர், 16 வால்வு. கேம்ஷாஃப்ட் ஒன்றே ஒன்று. இன்டேக் வால்வுகளை அது நேராக அழுத்தும், எக்ஸாஸ்ட் வால்வுகளை ராக்கர் வழியாகத் தள்ளும். நம் ஊர்ச் சாலைகளில் பார்த்துப் பழகிய ஹோண்டா சிட்டியின் 1.5 ஐ-விடெக் இன்ஜினும் ஒற்றைக் கேமில் 16 வால்வை ஓட்டியதுதான். ஆக, வால்வு எண்ணிக்கைக்காக இரண்டாவது கேம் தேவையில்லை. இன்டேக்குக்கு ஒன்று, எக்ஸாஸ்டுக்கு ஒன்று என்று பிரிந்தால் வால்வுகளைத் தோதான கோணத்தில் சாய்க்கலாம், காற்று நுழையும் வழியை நேராக்கலாம், பிளக்கை நடுவில் வைக்கலாம், இரண்டு பக்க டைமிங்கையும் தனித்தனியே திருத்தலாம். இந்த லாபமெல்லாம் பெரும்பாலும் மேல் ஆர்பிஎம்மில்தான் கைக்கு வரும்.

சிங்கிள் கேம் இன்ஜினுக்கு ட்வின் கேம் ஹெட் பூட்டுவதைத் தொழிற்சாலைக்காரர்களே செய்திருக்கிறார்கள். 1967-இல் விற்பனைக்கு வந்த டொயோட்டா 2000ஜிடியின் இன்ஜின், கிரவுன் காரில் இருந்த சிங்கிள் கேம் ஆறு சிலிண்டர் இன்ஜினிலிருந்து பிறந்தது. யமஹா அதற்கு ட்வின் கேம் ஹெட் செய்தது. அதே 1988 சிசியில் 150 குதிரைத்திறன். ஆனால் கூடவே மூன்று இரட்டைக் குழல் கார்புரேட்டர்களும் ஏறின என்பதைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் மிட்சுபிஷி எக்லிப்ஸ் பைத்தியங்கள் செய்யும் கலப்பு இன்ஜின்தான் உனக்குச் சரியான பாடம். 2.4 லிட்டர் 4ஜி64 சிங்கிள் கேம் பிளாக்கின் மேல், 2 லிட்டர் 4ஜி63 டர்போவின் ட்வின் கேம் ஹெட். இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் ஹெட் வந்து உட்கார்ந்துவிடும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

4ஜி64 பிளாக் 6 மில்லிமீட்டர் உயரம் அதிகம். டைமிங் பெல்ட் ஏறும் பக்கமும் இறங்கும் பக்கமும் அந்த உயரம் சேரும். 4ஜி63-இன் பெல்ட் எட்டாது. மிட்சுபிஷி வடிவமைப்பை உரிமம் பெற்றுத் தயாரித்த ஹூண்டாய், 2.4 லிட்டரிலேயே ட்வின் கேம் இன்ஜினும் செய்தது. அதன் பெல்ட்தான் இங்கே கைகொடுக்கிறது. சிலிண்டர் விட்டமும் வேறு: ஹெட் 85 மில்லிமீட்டருக்குச் செய்தது, பிளாக் 86.5. சின்ன கேஸ்கெட்டைப் போட்டால் அதன் விளிம்பு சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டு எரியும்.

இதைவிட முக்கியமானது ஸ்ட்ரோக். 4ஜி63-இல் 88, 4ஜி64-இல் 100 மில்லிமீட்டர். 7000 ஆர்பிஎம்மில் முன்னதன் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 20.5 மீட்டர் ஓடும். பின்னதில் அது 23.3. ஹெட் மேலே மேலே சுற்றச் சொல்லும், கீழே கனெக்டிங் ராடு வேண்டாம் என்று கெஞ்சும். அதனால் இந்தக் கலப்பு, டர்போ வைத்துக் கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுவிசை கேட்பவனுக்குப் பொருந்தும்; சிவப்புக் கோட்டைத் தொட ஆசைப்படுகிறவனுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. எது வேண்டும் என்று வண்டிக்காரரிடம் ஹெட் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடு. (வாங்கிய பிறகு கேட்டால் எல்லாரும் இரண்டும் வேண்டும் என்பார்கள்.)

பழைய பிஸ்டனில் புதிய வால்வுகளுக்குக் குழி இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவுசெய்யாதே. பிஸ்டன் தலையில் மெழுகுக் களிமண் ஒட்டி, ஹெட்டையும் பெல்ட்டையும் பூட்டி, இன்ஜினைக் கையால் சுற்றிவிட்டு ஹெட்டைக் கழற்றினால் பதிந்த இடத்தின் தடிமனை அளக்கலாம். ஹைட்ராலிக் லிஃப்டர் உள்ள ஹெட்டில் ஒரு விஷயம் கவனி: எண்ணெய் அழுத்தம் இல்லாதபோது லிஃப்டர் அமுங்கிவிடும், களிமண் காட்டும் இடைவெளி பொய்யாகிவிடும். சோதனை முடியும்வரை அமுங்காத திட லிஃப்டர் போட்டுக்கொள். எண்ணெய், தண்ணீர் வழிகளை கேஸ்கெட்டை இரண்டு முகத்திலும் வைத்து ஒவ்வொரு துளையாகப் பொருத்திப் பார். வயரிங், ஈசியூ வேலை தனிக் கதை. அதற்கு ஆள் பிடித்துக்கொள்.

ஒரே குடும்பத்து ஹெட் கிடைக்காவிட்டால் இந்த வேலையில் இறங்காதே. வேறு ஹெட்டைப் பொருந்த வைக்க லேத் பட்டறைக்குக் கொடுக்கும் பணத்தில் முழு ட்வின் கேம் இன்ஜினே பல நேரம் வந்துவிடும். நம் நாட்டில் சாலையில் ஓடும் வண்டி என்றால், எந்த வழியில் போனாலும் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் படித்துவிட்டு ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரித்துக்கொள். பிளாக்கை மாற்றினால் இன்ஜின் எண்ணும் சிசியும் ஆர்சி புத்தகத்தோடு ஒத்துப்போகாது.

எல்லாம் பூட்டிய பிறகு உடனே சாவியைத் திருப்பாதே. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு இரண்டு முழுச் சுற்று மெதுவாகச் சுற்று. கிராங்க் இரண்டு முறை சுற்றினால் கேம் ஒருமுறை சுற்றும், எல்லா வால்வும் ஒருதரம் திறந்து மூடியிருக்கும். நடுவில் எங்காவது தட்டினால் அழுத்தாமல் நிறுத்து. பெல்ட்டைக் கழற்றி டைமிங் குறிகளை மறுபடி பார்.

அன்புடன்,
ஒரு மூத்த மெக்கானிக்