பள்ளியும் மனச்சாட்சியும்

சென்னைக்கு மேற்கேயுள்ள பாடியில், ஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற திருவலிதாயம் என்னும் பழைய கோயில் விளங்குகின்றது. அவ்வூரிலேயே 1961-ம் ஆண்டில் தோன்றிய லூகாஸ் டி.வி.எஸ். ஆலையில் மோட்டார் வண்டிகளுக்குரிய மின்கருவிகள் செய்யப்படுகின்றன. காலையில் குருபகவான் சந்நிதியில் விளக்கேற்றிய தொழிலாளி, ஆலையினுள்ளே இரும்புத் துண்டின் கனத்தைக் கருவிகொண்டு அளந்தே துணிகின்றான். அவன் வழிபாட்டை ஆலை தடுப்பதில்லை. அவன் அளவையை வழிபாடு கெடுப்பதுமில்லை. அங்ஙனமாயின், பள்ளிக்கூடத்தில் சமயத்திற்குரிய இடம் யாது?

1950-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி அமலுக்கு வந்த நம் அரசியலமைப்பின் 25-வது பிரிவு யாவர்க்கும் மனச்சாட்சிச் சுதந்திரம் அளிக்கின்றது. முற்றிலும் சர்க்கார் பணத்தால் நடக்கும் கல்விச்சாலைகளில் மதபோதனை கூடாதென்பது 28-வது பிரிவு. சர்க்காரின் அங்கீகாரமோ உதவித்தொகையோ பெறும் கல்விச்சாலைகளிலும், மாணாக்கனின் சம்மதமின்றி, அவன் வயது வராதவனாயின் அவனைப் பாதுகாப்போரின் சம்மதமின்றி, மதபோதனைக்கோ வழிபாட்டுக்கோ வரும்படி வற்புறுத்தலாகாதென்றும் அது விதிக்கின்றது. இவ்விதி மிஷன் கலாசாலைகளையும் கட்டுப்படுத்துவதாகும்.

இச்சுதந்திரத்தின் இயல்பை இரு நிகழ்ச்சிகளால் அறியலாம். 1985-ம் ஆண்டில் கேரளத்தில், யெகோவாவின் சாட்சிகள் என்னும் பிரிவைச் சேர்ந்த மூன்று சிறார், தேசிய கீதம் இசைக்கப்படுங்கால் மரியாதையுடன் எழுந்து நின்றும், தங்கள் சமயக் கொள்கை காரணமாகப் பாடாமையால், பள்ளியினின்றும் நீக்கப்பட்டனர். நீதிபதி சின்னப்ப ரெட்டி 1986-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளப் பணித்தது.

மற்றொன்று நமக்கு அணித்தே நிகழ்ந்தது. பாடியிலிருந்து கோயம்பேடு, வடபழனி வழியாகத் தெற்கே சென்றால் அசோக் நகரை அடையலாம். அங்குள்ள அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில், 2024-ம் ஆண்டில், ஒரு சொற்பொழிவாளர் உடற்குறைகள் முற்பிறவிப் பாவத்தின் பயன் என்னும் கருத்துப்படப் பேசினார். கண்பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அப்பொழுதே எழுந்து மறுத்தார். சொற்பொழிவாளர் செப்டம்பரில் கைது செய்யப்பட்டார். பள்ளி நிகழ்ச்சிகளுக்கு நெறிமுறை வகுக்கப்படுமென்று முதலமைச்சர் அறிவித்தார். கைது தகுமோ தகாதோ என்பது நீதிமன்றத்துக்குரிய பொருள். நாம் ஆராய வேண்டியது வேறு.

கேரளச் சிறாரின் நம்பிக்கையைக் காத்த சட்டம், இவருடைய நம்பிக்கையை மட்டும் காவாதது ஏன் என்று சிலர் வினவலாம். அச்சிறார் பிறரெவரையும் தம் கொள்கைக்கு இணங்கச் சொல்லவில்லை. வாய்திறவாதிருக்கும் உரிமையொன்றையே வேண்டினர். சொற்பொழிவாளரோ, எழுந்து போக இயலாத மாணவியரின்முன், பள்ளியின் அதிகாரத்தை நிழலாகக் கொண்டு பேசினார். மறுபிறவிக் கொள்கை பலர் போற்றும் பழங்கொள்கை. வீட்டிலும் கோயிலிலும் அதனைப் போற்றுதற்கு யாதொரு தடையுமில்லை. ஆயின் ஒரு சிறுமியின் ஊனத்துக்கு அதனையே காரணமாக வகுப்பில் கற்பிப்பின், அவள் தன் தோழியரிடையே குற்றவாளி ஆகின்றாள்.

அறிவுக்கும் இதனால் கேடு உண்டு. கருவுற்ற தாய்க்கு ருபெல்லா நோய் காணின், பிறக்குங் குழந்தையின் கண்ணும் செவியும் கெடலாம். அந்நோயைத் தடுப்பூசியால் தடுக்கலாம். வைட்டமின் ஏ குறைவினால் வருங் குருட்டுத்தன்மையைத் தக்க உணவாலும் மருந்தாலும் தவிர்க்கலாம். பாவமே காரணமென்று துணிந்தவன் தடுப்பூசியைத் தேடுவானோ? 1976-ம் ஆண்டில் அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்ட குடிமக்கள் கடமைகளுள் அறிவியல் மனப்பான்மையை வளர்த்தலும் ஒன்றாதலை ஈண்டு நினைக.

இப்பிழை ஒரு சமயத்தார்க்கே உரியதன்று. பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர், பாவஞ்செய்தவன் இவனோ, இவனைப் பெற்றோரோ என்று வினவினமையும், இருவருமல்லர் என்று இயேசுநாதர் விடையளித்தமையும் யோவான் சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் உள. அதனை அறிந்த நம்மவருள்ளும், நோயாளியின் படுக்கையருகே அமர்ந்து, அவன் செய்த பாவம் யாதென ஆராய்வார் இல்லையோ?

மாணவ நண்பர்களே, உங்களுட் சிலர் நாளை ஆசிரியராவீர். பிள்ளைகள் வழிபடுவதையும் வழிபடாதிருப்பதையும் அவரவர் மனச்சாட்சிக்கு விடுங்கள். காரணங் கேட்கும் பிள்ளைக்குக் காரணங் காட்டுங்கள். அறியீராயின் அறியேன் என்று கூறுங்கள். ஒரு பிள்ளையின் குறையைச் சுட்டி எவரேனும் பழிகூறின், அவர் எத்துணைப் பெரியவராயினும், அவ்வாசிரியரைப்போல் அப்பொழுதே எழுந்து நில்லுங்கள்.