மழையில் சைக்கிளா? பிரேக்கை முன்கூட்டியே பிடியுங்கள்

மழையில் மெதுவாக ஓட்டினால் மட்டும் போதாது. பிரேக்கையும் முன்கூட்டியே பிடிக்க வேண்டும். ரிம் நனைந்திருந்தால் பிரேக் கட்டை முதலில் தண்ணீரை வழித்தெடுக்கும், அதன்பிறகுதான் கவ்வும். அதற்குள் சைக்கிள் சில அடி ஓடிவிடும். ஆகவே நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே இரண்டு பிரேக்கையும் லேசாக உரசவிட்டு, பிறகு அழுத்துங்கள். 'என்னுடையது டிஸ்க் பிரேக் ஆயிற்றே' என்பீர்கள். பிரேக் பிடித்துவிடும், சரி. டயர் தரையைப் பிடிக்க வேண்டுமே! நனைந்த வெள்ளைக் கோட்டிலும் சாக்கடை இரும்பு மூடியிலும் அது வழுக்கும். அவற்றின்மேல் பிரேக் போடாதீர்கள், ஹேண்டில்பாரைத் திருப்பாதீர்கள், நேராகக் கடந்துவிடுங்கள். குடை வேண்டாம், மழைக்கோட்டு போதும். ஒரு கையில் குடை பிடித்தால் ஒரு பிரேக் போச்சு. வீடு சேர்ந்ததும் செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள்; ஈரத்தோடு விட்டால் துரு ஏறிவிடும்.