கணினி மூன்று ஏன்?

குபெர்னெட்டிஸ், பல கணினிகளை ஒரே குழுவாக இயக்கும் மென்பொருள். கூகுள் 2014இல் வெளியிட்டது. சிங்காநல்லூர் மாணவர்கள் பட்டறைகளைப் பார்த்து வளர்பவர்கள். ஆகவே, கருவிகளை எடுத்துவைப்பதிலிருந்தே பாடத்தைத் தொடங்கினேன்.

தேவையானவை: பழைய கணினிகள் 3 (ஒவ்வொன்றிலும் 2 கோர் செயலி, குறைந்தது 2 ஜிபி நினைவகம், 4 ஜிபி நல்லது), நெட்வொர்க் சுவிட்ச், கேபிள்கள், யுபிஎஸ், லினக்ஸ் நிறுவ பென் டிரைவ்.

செய்முறை: ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர், மாறாத ஐபி முகவரி கொடுத்தோம், ஸ்வாப்பை நிறுத்தினோம். மூன்றையும் கட்டுப்பாட்டுக் கணினிகளாக்கினோம்.

"இரண்டு போதாதா, சார்?" என்றாள் ஒரு மாணவி. மூவரை நிற்கவைத்தேன். குழுவில் பாதிக்கு மேல் கை தூக்கினால்தான் முடிவு. மூவரில் ஒருவர் விலகினாலும் முடிவு கிடைத்தது. இருவரில் ஒருவர் விலகியதும் எல்லாம் நின்றது.

மதிப்பீடு: அவளே ஒரு கணினியின் கேபிளைக் கழற்றினாள். மற்ற இரண்டும் வேலையைத் தொடர்ந்தன. காரணத்தை வகுப்புக்கு அவளே விளக்கினாள்.