எச்.பி. கேட்டு மோட்டார் விற்கலாமா?

"ஒரு எச்.பி. மோட்டார் கொடுங்கள்" என்றுதான் வாடிக்கையாளர் கேட்பார். இருப்பில் உள்ளதை எடுத்துக் கொடுத்துப் பில் போட்டு அனுப்பிவிடுகிறோம். ஹார்டுவேர், மின்சாதன வியாபாரத்தில் உள்ள நம் சங்க அன்பர்கள் பலர் செய்வது இதுதான். நானும் செய்தவன்தான்.

ஒரு தை மாதம் இப்படித்தான் வீட்டுக் கிணற்றுக்கு ஒரு மோனோபிளாக் பம்பு கொடுத்தேன். அப்போது 15 அடியில் தண்ணீர் இருந்ததால் நன்றாகவே ஏற்றியது. சித்திரையில் நீர்மட்டம் 35 அடிக்கு இறங்கியதும் மோட்டார் ஓடியது, தண்ணீர் வரவில்லை. ஃபுட் வால்வு கோளாறு என்று எண்ணி அதையும் மாற்றி, தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டியிருக்கிறார். கடைசியில் சீல் கருகிப்போய், மோட்டாரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றார். மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. கோடையில் தண்ணீர் எங்கே நிற்கும் என்று கேட்காமல் கொடுத்த என்னிடம்தான் குறை.

தரைக்கு மேல் வைக்கும் பம்பு தண்ணீரை இழுக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில், பம்பு குழாயில் அழுத்தத்தைக் குறைக்க, வெளியிலுள்ள காற்றழுத்தமே தண்ணீரை மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அதன் எல்லை சுமார் 34 அடி. குழாய், பெண்டு, ஃபுட் வால்வு உராய்வெல்லாம் போக நடைமுறையில் 25 அடிக்கு மேல் நம்பக்கூடாது. ஒரு எச்.பி.க்குப் பதில் ஐந்து எச்.பி. வைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அதற்கு மேல் ஆழமென்றால் கிணற்றுக்குள் மேடை அமைத்துப் பம்பை இறக்கவேண்டும். அல்லது ஓப்பன்வெல் சப்மெர்சிபிள் கொடுக்கவேண்டும்.

போர் கிணறானால் ஹெட் கணக்குதான் முக்கியம். உதாரணமாக, மோட்டார் ஓடும்போது கோடை நீர்மட்டம் 110 அடி, மாடித் தொட்டி தரையிலிருந்து 35 அடி, குழாய் உராய்வுக்கு 15 அடி என்று வைத்தால் மொத்தம் 160 அடி, அதாவது சுமார் 49 மீட்டர். அந்த 49 மீட்டரில் எத்தனை லிட்டர் தருகிறது என்று கம்பெனி அட்டவணையில் பார்த்துக் கொடுக்கவேண்டும். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் அதிகபட்ச ஹெட்டை நம்பி விற்கக் கூடாது. அந்த உயரத்தில் தண்ணீர் அநேகமாக வராது!

"பெரிதாகப் போட்டால் நல்லதுதானே" என்பார்கள். நல்லதல்ல. அதிக ஹெட்டுக்கான பம்பைக் குறைந்த உயரத்தில் ஓட்டினால் தண்ணீரைக் கூடுதலாகத் தள்ளி, ஆம்பியரும் ஏறி, வைண்டிங் சூடாகும். போரின் ஊற்று குறைவாக இருந்தால் தண்ணீர் தீர்ந்து வெறுமனே ஓடும், மணலும் ஏறும். வெறுமனே ஓடி எரிந்த மோட்டாருக்குப் பெரும்பாலும் உத்தரவாதம் கிடைக்காது; பழி மட்டும் கடைக்கு வரும். ஆகவே டிரை-ரன் பாதுகாப்புள்ள பேனலை மோட்டாரோடு சேர்த்தே சொல்லவேண்டும். குழாயில் மிச்சம் பிடிப்பவர்களிடமும் ஒன்று சொல்லலாம்: ஒன்றேகால் அங்குலத்துக்குப் பதில் ஒரு அங்குலம் போட்டால், அதே அளவு தண்ணீருக்கு உராய்வு ஏறக்குறைய மூன்று மடங்காகும்.

பராமரிப்பில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. மாட்டிய அன்றே ஆம்பியர் எவ்வளவு என்று பேனல் மூடியின் உள்பக்கம் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பின்னாளில் அது ஏறினால் பேரிங், மணல், குறைந்த மின்னழுத்தம் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். மோட்டார் சுற்றாமல் உறுமினால் முதலில் கெப்பாசிட்டரைப் பார்க்கவேண்டும். மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட் அளவே வேண்டும். ஓவர்லோடு அடிக்கடி விழுகிறதென்று அதன் அளவை உயர்த்தி வைக்கும் எலெக்ட்ரீஷியன்களும் இருக்கிறார்கள். எரிந்து வரும் மோட்டார்களில் இந்தக் கைங்கரியத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இப்போது எங்கள் கடையில் கோடை நீர்மட்டம், தொட்டி உயரம், போர் குழாயின் விட்டம் மூன்றையும் பில்லின் பின்புறம் எழுதி வாடிக்கையாளரிடம் கையொப்பம் வாங்குகிறோம். "அடுத்த கடையில் இதெல்லாம் கேட்பதில்லையே" என்று எழுந்து போனவர்களும் உண்டு. அவர்களில் ஓரிருவர் சித்திரையில் திரும்பி வந்ததும் உண்டு.