எண்ணைப் பார்த்துக் கூப்பிடுவோம், எண்ணைப் பார்த்து எடுப்போம்



பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, கேஸ் ரசீது, உர மூட்டை என்று எதை எடுத்தாலும் இப்போது ஒரு போன் நம்பர் அச்சடித்திருக்கிறது. கூப்பிட்டா காசு பிடிச்சிடுமோ, அந்தப் பக்கம் யாரு பேசுவாங்களோ என்ற தயக்கத்திலேயே நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். ஆனால் "பேங்க்ல இருந்து பேசுறோம்" என்று யாராவது கூப்பிட்டால் மட்டும் தயங்காமல் பேசுகிறோம்! இரண்டுக்கும் உதவுகிற பழக்கம் ஒன்று உண்டு. எண்ணின் முதல் மூன்று, நான்கு இலக்கத்தைப் படிப்பதுதான் அது. குழுக் கணக்கு எழுதும் நமக்கு இது பெரிய பாடம் இல்லை.

முதலில் ஊர் சேர்ந்த எண்கள். 04286 என்றால் நாமக்கல், 04287 ராசிபுரம், 0427 சேலம், 044 சென்னை. எஸ்.டி.டி. பூத் காலத்தில் ஊர் தூரமாகத் தூரமாக மீட்டர் வேகமாக ஓடியது நினைவிருக்கும். செல்போனிலோ 2003 மே மாதத்துக்கு முன்பு, வந்த அழைப்பை எடுத்தாலும் காசு போனது. 2006 மார்ச்சில் பி.எஸ்.என்.எல். 'ஒன் இந்தியா' திட்டத்தைக் கொண்டுவந்து, நாட்டில் எந்த ஊருக்குப் பேசினாலும் நிமிடத்துக்கு 1 ரூபாய் என்றது. அதன் பிறகு தூரத்தைப் பற்றிய பயம் மெல்ல மெல்லப் போய்விட்டது. இப்போது கேட்க வேண்டிய கேள்வி எந்த ஊர் என்பதல்ல, என்ன வகை எண் என்பது.

ஏனென்றால் எந்த ஊரையும் சேராத எண்கள் பெருகிவிட்டன. அதில் நமக்கு மிகவும் பயன்படுவது 1800. கூப்பிடுகிற நமக்குக் காசு இல்லை, கூப்பிட்டுக்கொள்கிறவர்களே கட்டுவார்கள். ஸ்டாம்ப் செலவை அவர்களே ஏற்றுக்கொண்டு நமக்குக் கொடுக்கும் பதில் கவர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நிமிடம் காக்க வைத்தாலும் நம் பேலன்ஸ் குறையாது. மிளகுக் கொடி வாடுது, வாழையில் இலை பழுக்குது என்று கேட்க கிசான் கால் சென்டர் 1800-180-1551 இருக்கிறது. 2004 ஜனவரியில் தொடங்கிய சேவை இது. தமிழிலேயே பேசலாம். ரேஷன் கடைப் புகாருக்கு 1967 அல்லது 1800-425-5901. எண்ணிப் பார்த்தால் 11 இலக்கம் வரும், தப்பு நம்பர் என்று நினைத்துவிடாதீர்கள். முன்னால் 0-வும் வேண்டாம், +91-ம் வேண்டாம்.

"நாங்க போட்டா போகவே மாட்டேங்குது" என்று சொல்கிறவர்களும் உண்டு. 1800 எண் ஏதாவது ஒரு போன் கம்பெனி கொடுத்ததாக இருக்கும். மற்ற கம்பெனி சிம்மிலிருந்து போக வேண்டுமென்றால் இரண்டு கம்பெனிகளும் இணைப்புக் கொடுத்து, செலவையும் பேசிக்கொள்ள வேண்டும். 2000-களில் வந்த விளம்பரங்களில் 'பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். போனிலிருந்து மட்டும் இலவசம்' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது இதனால்தான். இப்போது பெரும்பாலும் எல்லா சிம்மிலிருந்தும் போகிறது. ஒரு சிம்மில் போகாவிட்டால் பக்கத்து உறுப்பினரின் வேறு கம்பெனி போனில் போட்டுப் பாருங்கள். ரீசார்ஜ் வேலிடிட்டி முடிந்து அவுட்கோயிங் கட்டாகியிருந்தால் இலவச எண்ணும் போகாமல் இருக்கலாம்.

1860 என்று தொடங்குவது வேறு. பார்க்க 1800-க்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் இலவசம் இல்லை. கூப்பிடுகிறவருக்கே கட்டணம். 'அன்லிமிடெட்' பேக் போட்டிருக்கிறோமே என்றாலும், பல பேக்குகளில் இந்த எண்கள் அதற்குள் அடங்காது. 1-ஐ அழுத்து, 2-ஐ அழுத்து என்று சொல்லி, பிறகு பாட்டுப் போட்டுக் காக்க வைக்கும் நேரத்துக்கும் சேர்த்துத்தான் காசு. கூலி வேலைக்குப் போகும் பெண் தன் கடன் தவணையைப் பற்றிக் கேட்பதற்குக்கூட இப்படிக் கட்டணம் கட்ட வேண்டுமா? நியாயமில்லை என்பதே எங்கள் கருத்து. பல வங்கிகள் 1860 எண்ணோடு 1800 எண்ணும் வைத்திருக்கின்றன. கிளைக்குப் போகும்போது "இலவச நம்பர் எது?" என்று கேட்டு, பாஸ்புக் அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளிடம் சொல்லி இணையத்தில் தேடி எடுக்க வேண்டாம். அங்கே வங்கியின் பெயரில் போலி நம்பர் போட்டுக் காத்திருக்கிற கூட்டம் இருக்கிறது. கார்டின் பின்புறம், பாஸ்புக், கிளையின் போர்டு, இந்த மூன்றில் இருக்கும் எண்ணே போதும்.

இனி, நமக்கு வருகிற அழைப்புகள். 140 என்று தொடங்கினால் விளம்பரம். எடுக்க விருப்பமில்லையா, விட்டுவிடுங்கள். தொல்லை அதிகமானால் 1909-க்கு இலவசமாகக் கூப்பிட்டு, விளம்பரமே வேண்டாம் என்று பதிவு செய்யலாம். 2024 மே 30-ம் தேதி தொலைத்தொடர்புத் துறை 160 என்ற புது வரிசையை அறிவித்தது. அரசுத் துறைகளும் வங்கி, இன்சூரன்ஸ் போன்ற நிறுவனங்களும் கணக்கு, தவணை போன்ற விஷயங்களுக்காக நம்மைக் கூப்பிடுவதற்கென்றே ஒதுக்கிய எண்கள் இவை. சேவை அழைப்புக்கு 1600 வரிசையையும், விளம்பர அழைப்புக்கு 140 வரிசையையும் பயன்படுத்துமாறு 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி தன் கீழ் உள்ள வங்கிகளுக்குச் சொன்னது. (2000-களின் தொடக்கத்தில் இலவச எண்களே 1600 என்றுதான் தொடங்கின, பிறகுதான் 1800 ஆயிற்று. பழைய நோட்டீஸ் எதிலாவது பார்த்தால் குழம்ப வேண்டாம்.) 1800 என்பது நாம் கூப்பிடுவதற்கான எண். அங்கிருந்தே நமக்கு அழைப்பு வந்தால் சந்தேகப்படுங்கள்.

சாதாரண 10 இலக்க செல் நம்பரிலிருந்து "உங்க கணக்கு முடங்கப் போகுது" என்று எவனாவது மிரட்டினால் பேச்சை வளர்க்காமல் வைத்துவிடுங்கள். நம் கிளை மேனேஜர் தன் சொந்த செல்லிலிருந்து கூப்பிடுவதும் நடக்கும், அதையும் மறுக்கவில்லை. ஆனால் அவர் ஓ.டி.பி. கேட்க மாட்டார். 1600-லிருந்து வந்தாலும் ஓ.டி.பி., ஏ.டி.எம். பின் நம்பர் எதையும் சொல்லக் கூடாது. + போட்டு 91 அல்லாத வேறு எண்ணில் தொடங்கும் மிஸ்டு கால் வந்தால், வெளிநாட்டில் உறவு இல்லாதவர்கள் திருப்பிக் கூப்பிட வேண்டாம். வெளிநாட்டு அழைப்புக் கட்டணம் பிடித்துவிடும்.

பணம் போய்விட்டதா? அழுதுகொண்டு உட்கார நேரமில்லை. உடனே 1930. கூடவே வங்கிக்கும் சொல்லுங்கள். ஓ.டி.பி.யை நாமே சொல்லிவிட்டிருந்தால், வங்கிக்குத் தகவல் தரும் வரை போன பணம் நம் நஷ்டம், தகவல் தந்த பிறகும் போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது. அதனால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் சேரும். வெட்கப்பட்டு வீட்டில் மறைத்த ஒரு ராத்திரியில் மிச்சமிருக்கும் சேமிப்பும் போய்விடலாம். குழுப் பணம் என்றால் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களின் சேமிப்பு அது.

பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேதி. நெட் வேண்டாம், பேசினால் போதும் என்பவர்களுக்குப் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள பேக் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. ரீசார்ஜ் கடையில் கேட்டு வாங்குங்கள்.

இத்தனை எண் தெரிந்தும் சிக்னல் இல்லாவிட்டால் என்ன செய்வது? 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் நம் மலையில் இதுதான் பெரிய கேள்வி. 108 ஆம்புலன்ஸ், 181 பெண்கள் உதவி, 1098 குழந்தைகள் உதவி எல்லாமே இலவசம்தான், ஆனால் நம் சிம்முக்கு டவர் கிடைக்க வேண்டும். 112 கொஞ்சம் வேறு. நம் கம்பெனி டவர் எட்டாவிட்டாலும், வேறு கம்பெனி டவர் எட்டினால் அதன் வழியாக அவசர அழைப்பு போகும்படிதான் செல்போனைச் செய்திருக்கிறார்கள். போனில் 'எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி' என்று காட்டினால் 112 போடுங்கள். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் அது பொது எண். எந்த டவரும் எட்டாத பள்ளத்தில் அதுவும் போகாது.

ஆகவே அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு வேலை. எல்லோரும் போனைக் கொண்டு வாருங்கள். ஊரில் எந்த மேட்டில், எந்த வீட்டு வாசலில், எந்தக் கம்பெனி சிக்னல் எடுக்கிறது என்று நடந்து பார்த்து, தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். அந்தந்தக் கம்பெனி சிம் யார் யாரிடம் இருக்கிறது என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். நடுராத்திரியில் பிரசவ வலி வந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது, எந்த மேட்டுக்கு ஓடுவது என்பது அந்தப் பக்கத்தில் இருக்கட்டும்.